குத்தாலம் போய்ட்டு வந்ததுல இருந்து தூக்கமில்ல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

தூங்காதவன் | திங்கள், இரவு 10.40

பேரு வேண்டாம். அம்பாசமுத்திரம் பக்கம், வயசு 27. சனிக்கிழமை சீசனுக்கு நாலு பேரா குத்தாலம் போனோம். ராத்திரி பதினோரு மணி வாக்குல லாட்ஜ்ல ஒரு பொண்ணோட இருந்தேன். அந்த மாதிரி பொண்ணுதான். ஆணுறை போட்டுத்தான் இருந்தேன், ஆனா நடுவுல கிழிஞ்சிருக்கு. எல்லாம் முடிஞ்ச பொறவுதான் பாத்தேன்.

ஞாயித்துக்கெழமை மத்தியானத்துல இருந்து தொண்டை கரகரங்குது. இன்னைக்கு ஒண்ணுக்குப் போகயில எரியுற மாதிரி இருக்கு. தொடையில ஒரு செவப்புப் புள்ளி. அது முந்தியே இருந்துதா இப்ப வந்துதான்னு தெரியல. போன்ல தேடித் தேடிப் படிச்சதுல எச்.ஐ.வி.க்குச் சொல்லியிருக்கற எல்லா அறிகுறியும் எனக்கு இருக்கு.

தை மாசம் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. இங்க ஜி.எச்.க்குப் போலாம்னா அத்தை மக அங்கதான் லேப்ல இருக்கா. உசுரோட இருந்து என்னத்துக்குன்னு தோணுது.

களக்காட்டு வாழை | இரவு 10.52

தொண்டை கரகரப்பு அருவியில ரெண்டு மணி நேரம் தலையைக் குடுத்து நின்னதுக்குவே. சீசனுக்குப் போய்ட்டு வாரவன்ல பாதிப் பேருக்கு மறுநா அதான். படுத்துத் தூங்கும்.

டவுண் அண்ணாச்சி | இரவு 11.03

தம்பி, நடந்தது நடந்துபோச்சு. கல்யாணம் நிச்சயமான பையன் இப்பிடிப் போகலாமான்னு கேக்க வாயி துடிக்கி, ஆனா கேக்கல. விசயத்துக்கு வாரேன். மேகவெட்டை மாதிரி பால்வினை நோய்க்கு நம்ம சீமையில இல்லாத வைத்தியமா? பாளையங்கோட்டையில சித்த மருத்துவக் கல்லூரி 1964ல இருந்து நடக்கு. எங்க தாத்தா காலத்துல கிரந்தின்னும் அரையாப்புன்னும் எத்தனை பேரு வந்து மருந்து வாங்கிட்டுப் போயிருக்காவ. ஒரு மண்டலம் பத்தியம் இருந்து சாப்பிட்டா ரத்தம் சுத்தமாயிரும். இங்கிலீஷ் மருந்து சூடு.

ஐகிரவுண்டு அக்கா | இரவு 11.20

எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. அண்ணாச்சி, உங்க மண்டலத்தைப் பொறவு பாப்போம், இப்ப மணிக்கணக்குதான் முக்கியம்.

தம்பி, சனி ராத்திரி பதினொண்ணுன்னு எழுதியிருக்கீங்க. இப்ப 48 மணி நேரம் தாண்டிப் போச்சு. எச்.ஐ.வி. ஒட்டாம தடுக்கதுக்கு ஒரு மருந்து இருக்கு, பெப்னு சொல்லுவாங்க. 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பிரயோசனம். சீக்கிரம் ஆரம்பிக்க ஆரம்பிக்க நல்லது. உங்களுக்கு நாளைக்கு ராத்திரி பதினொண்ணு வரைக்கும்தான் நேரம். அதுக்காக ராத்திரி வரைக்கும் காத்திருக்காதீங்க, காலையில மொத பஸ்ல கெளம்புங்க.

ஜி.எச்.ல அத்தை மக இருந்தா பாளையங்கோட்டை ஐகிரவுண்டுல இருக்கற மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வாங்க. 2017ல போட்ட எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர்ல அமலுக்கு வந்துது. ஒருத்தரோட சோதனை முடிவை அவரு சம்மதம் இல்லாம வெளிய சொல்லக்கூடாது. ஆனா சட்டம் ஒரு பக்கம், அத்தை மக ஒரு பக்கம். எனக்கும் ஊர் தெரியும்.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில ஓ.பி. சீட்டு போட்டுட்டு, எச்.ஐ.வி. சோதனை பண்ற நம்பிக்கை மையம் எங்கன்னு கேளுங்க. கேக்க வெக்கமா இருந்தா தோல் நோய்ப் பிரிவுன்னு கேளுங்க, அங்கருந்து அனுப்புவாங்க. சோதனை இலவசம். மாத்திரை விசயத்தை மட்டும் முன்னாடியே சொல்லிருதேன். அரசாங்கத்துல அதை முக்கியமா ஊசி குத்திக்கிட்ட ஆஸ்பத்திரி ஆளுங்களுக்கும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவங்களுக்கும்தான் வெச்சிருப்பாங்க. உங்க கேசுக்கு டாக்டர் பாத்து முடிவு பண்ணுவாரு. உள்ள கெடைக்கலைன்னா சண்டை போடாம சீட்டு எழுதி வாங்கி வெளிய மருந்துக் கடையில வாங்குங்க.

உசுரோட இருந்து என்னத்துக்குன்னு எழுதியிருக்கீங்களே, அந்த நெனப்பு இன்னைக்கு ராத்திரி கூடிச்சுன்னா 14416க்குப் போன் போடுங்க. தமிழ்லயே பேசுவாங்க, காசு கெடையாது.

தூங்காதவன் | இரவு 11.31

அக்கா, இப்பிடி ஒரு மாத்திரை இருக்குன்னே எனக்குத் தெரியாது. எரிச்சல் எதுனால? டெட்டால் ஊத்தி நாலஞ்சு தடவை கழுவிட்டேன், அதுக்கப்புறமும் எரியுது.

ஐகிரவுண்டு அக்கா | இரவு 11.34

டெட்டால் ஊத்தினா எரியாம குளுகுளுன்னா இருக்கும்? நிறுத்துங்க மொதல்ல. வெறும் தண்ணி போதும்.

தோல் டாக்டர் | இரவு 11.58

வள்ளியூரில் தோல், பால்வினை நோய் சிகிச்சை பார்க்கிறேன். அக்கா சொன்னதுதான் சரி, நாளைக் காலை போங்கள். அறிகுறிகளைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். ஏனென்றால் நீங்கள் போனில் படித்ததைத் தேதியோடு பொருத்திப் பார்க்கவில்லை.

எச்.ஐ.வி. தொற்றியவர்களில் பலருக்கு ஒரு காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு வருவது உண்மை. ஆனால் அது 2 முதல் 4 வாரம் கழித்து வருவது. சனி ராத்திரி நடந்ததற்கு ஞாயிறு மத்தியானம் தொண்டை கட்டாது. வெட்டை என்று ஊரில் சொல்கிற கொனோரியா பெரும்பாலும் 2 முதல் 5 நாளில் தெரியும்: எரிச்சலோடு சீழ் வடியும், ஜட்டியில் மஞ்சள் கறை படும். கிளமிடியா 1 முதல் 3 வாரம், பல பேருக்கு அறிகுறியே இருக்காது. அக்கி வகையைச் சேர்ந்த ஹெர்பிஸ் 2 முதல் 12 நாளில் சின்னச் சின்னக் கொப்புளமாக வந்து வலிக்கும். அண்ணாச்சி சொன்ன கிரந்தி, அதாவது சிபிலிஸ், 10 நாளில் இருந்து 90 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் ஒரு புண்ணாக வரும். அந்தப் புண் வலிக்காது. அதுதான் அதில் உள்ள மோசம். வலிக்காததால் யாரும் டாக்டரிடம் வருவதில்லை, புண் தானாக ஆறிவிடும், வியாதி உள்ளே இருக்கும். அண்ணாச்சியின் தாத்தாவிடம் மருந்து வாங்கியவர்களில் எத்தனை பேருக்குப் புண் மருந்தால் ஆறியது, எத்தனை பேருக்குத் தானாக ஆறியது என்று சொல்ல முடியாது. இன்றைக்கு ஆரம்பக் கட்டத்தில் பிடித்தால் பென்சாதின் பென்சிலின் ஊசி ஒரே தடவை போட்டாலே தீர்கிறது.

எச்.ஐ.வி. இருக்கிற பெண்ணோடு ஆணுறை இல்லாமல் ஒரு தடவை உறவு கொண்டால் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு சராசரியாக 10,000க்கு 4 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெண்ணுக்கு ஆணிடமிருந்து தொற்றுவது அதைப்போல் இரண்டு மடங்கு. புண் ஏதாவது இருந்தால் இந்தக் கணக்கு ஏறும். அந்தப் பெண்ணுக்குத் தொற்று இருக்கிறது என்றே நமக்குத் தெரியாது. ஆகவே பதறாதீர்கள், ஆனால் காலையில் போங்கள்.

டவுண் அண்ணாச்சி | செவ்வாய், காலை 5.40

டாக்டர் சொன்னா சரிதான். நான் சித்த வைத்தியத்தைக் கொறைச்சுப் பேச விடமாட்டேன், ஆனா 72 மணி நேரத்துக்குள்ள வேலை செய்ய எங்க தாத்தாக்கிட்ட ஒண்ணும் கெடையாதுங்கதை ஒத்துக்கிடுதேன். தம்பி பஸ் ஏறியாச்சா?

களக்காட்டு வாழை | காலை 7.15

லாட்ஜ் ரூம்ல மாசம் ஒருதரம் வந்து உக்காரும் ‘பரம்பரை வைத்தியர்’கிட்ட மட்டும் போயிராதீரும்வே. எங்க ஊர்க்காரன் ஒருத்தனுக்கு நரம்புத் தளர்ச்சின்னு சொல்லி வருசக்கணக்குல லேகியம் வித்தாம். அவனுக்கு ஒரு வியாதியும் இல்ல.

தூங்காதவன் | மாலை 4.25

போய்ட்டு வந்துட்டேன்.

சீட்டு போடுற எடத்துல யாரும் ஒண்ணும் கேக்கல. மையத்துக்குள்ள ஒரு மேடம். கதவைச் சாத்திட்டுத்தான் பேச ஆரம்பிச்சாங்க. என்ன நடந்துது, எப்ப, ஆணுறை எப்பக் கிழிஞ்சுது, இதுக்கு முன்னாடி உண்டுமா, எல்லாம் கேட்டாங்க, முகத்துல ஒரு மாத்தமும் இல்லாம. நான்தான் வேர்த்துக் கொட்டிக்கிட்டு இருந்தேன். சம்மதம்னு கையெழுத்து வாங்கிட்டு ரத்தம் எடுத்தாங்க. முடிவுல ஒண்ணுமில்ல. ஆனா இது சனிக்கிழமைக்கு முந்தின கதையைத்தான் சொல்லும், சனிக்கிழமை நடந்தது இதுல தெரியாதுன்னு சொல்லிட்டாங்க. மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ்க்கு வி.டி.ஆர்.எல்., கிட்னிக்கு கிரியேட்டினின் எல்லாம் பாத்தாங்க.

ஆணுறை எங்க வெச்சிருந்தேன்னு கேட்டாங்க. பைக் டாங்க் கவர்ல. எத்தனை நாளா? சித்திரையில இருந்து. அவங்க சிரிக்கல, ஆனா பேனாவைக் கீழ வெச்சிட்டாங்க. வெயில்ல அந்த ரப்பர் வெந்து போயிருக்கும்னாங்க. தேங்கா எண்ணெய் தடவினாலும் கிழியுமாம்.

டாக்டர் பாத்துட்டு மாத்திரை ஆரம்பிக்கலாம்னு சீட்டு எழுதித் தந்தாரு. அக்கா சொன்ன மாதிரி வெளியதான் வாங்கினேன், பயந்த அளவுக்கு வெலை இல்ல. டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர், மூணும் சேந்து ஒரே மாத்திரை. மூணு மணிக்கு மொத மாத்திரை போட்டாச்சு. 28 நாளைக்குன்னு எழுதியிருக்காரு, டப்பாவுல 30 இருக்கு. மிச்ச ரெண்டையும் போடணுமா?

ஐகிரவுண்டு அக்கா | மாலை 4.50

நல்ல காரியம் பண்ணுனீங்க. 28 போதும். தெனமும் ஒரே நேரத்துக்குப் போடுங்க. டப்பாவுலயே இருக்கட்டும், ஈரம் படக்கூடாது. மொத வாரம் வயித்தைப் பெரட்டும், கெட்ட கனவு வரும், அதுக்காக நிறுத்திராதீங்க. அசிடிட்டிக்குக் குடிக்கற வெள்ளை மருந்து, கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை எல்லாம் இதோட சேரக்கூடாது. அது போட்டு ஆறு மணி நேரம் கழிச்சு இதைப் போடலாம், இல்லைன்னா இதைப் போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு அதைப் போடலாம்.

மஞ்சள் காமாலை பி ஊசி போட்டாங்களா?

தூங்காதவன் | மாலை 5.02

போட்டாங்க. ஒரு மாசத்துல ஒண்ணு, ஆறாம் மாசத்துல ஒண்ணு வரணும்னு சொன்னாங்க. சின்ன வயசுல போட்டிருக்கான்னு அம்மாட்ட கேட்டேன், போலியோ சொட்டு மட்டும் ஞாபகம் இருக்காம்.

தோல் டாக்டர் | மாலை 6.30

உங்கள் வயதுக்காரர்களில் பலர் போட்டிருக்க மாட்டார்கள். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் பி 2002ல் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கி, 2011ல்தான் நாடு முழுக்க வந்தது. எச்.ஐ.வி.யை விட எளிதாகத் தொற்றக்கூடியது அது. அதற்கு யாரும் தூக்கத்தைத் தொலைப்பதில்லை.

களக்காட்டு வாழை | மாலை 6.41

எனக்கு ஒரு யோசனை. ரத்த தானம் குடுத்தா அவங்களே எல்லா டெஸ்டும் பண்ணிருவாங்கல்லா? புண்ணியமும் ஆச்சு, யாருக்கும் தெரியவும் செய்யாது.

ஐகிரவுண்டு அக்கா | மாலை 6.44

வாழை, இதை அழிச்சிரும். தொத்தின புதுசுல எந்த டெஸ்ட்லயும் சிக்காத நாட்கள் உண்டு. அந்த நாள்ல குடுத்த ரத்தம் பிரசவத்துக்கு வந்த ஒரு பொண்ணுக்கோ, குழந்தைக்கோ போகும். அதுவா புண்ணியம்? சந்தேகம் இருக்கிறவன் ரத்த வங்கி வாசல்லயே நிக்கக்கூடாது.

களக்காட்டு வாழை | மாலை 6.47

சத்தியமா யோசிக்கல அக்கா. அழிக்கல, நாலு பேரு படிக்கட்டும்.

கல்லிடை அப்பளம் | செவ்வாய், இரவு 9.10

எல்லாம் படிச்சேன். ரெண்டு விசயம்.

‘அந்த மாதிரி பொண்ணு’ன்னு எழுதியிருக்கீங்க. ஆணுறை கிழிஞ்சது அவங்களுக்கும்தான். அவங்களும் இன்னைக்கு ராத்திரி எங்கேயோ உக்காந்து நாளை எண்ணிக்கிட்டு இருப்பாங்க. டாக்டர் சொன்ன கணக்குப்படி உங்களை விட அவங்களுக்குத்தான் ஆபத்து ரெண்டு மடங்கு. அந்தத் தொழில்ல இருக்கறவங்களுக்காகவே நடக்கற திட்டங்கள்ல ஆறு மாசத்துக்கு ஒருக்கா எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனை உண்டு. உங்க நாலு பேர்ல யாரு ஆறு மாசத்துக்கு ஒருக்கா சோதனை பண்ணுதீங்க?

ரெண்டாவது, தை மாசம் கல்யாணம். அந்தப் பொண்ணுக்கிட்ட சொல்லப் போறீங்களா?

டவுண் அண்ணாச்சி | இரவு 9.25

எதுக்கும்மா சொல்லணும்? முடிவு நல்லபடியா வந்துட்டா அதோட விட்டுரணும். நிச்சயம் முறிஞ்சா ரெண்டு குடும்பத்துக்கும் அசிங்கம். அந்தப் பிள்ளைக்கு அடுத்து ஒரு எடம் அமையுமா?

கல்லிடை அப்பளம் | இரவு 9.31

அந்தப் பிள்ளைக்கு எடம் அமையுமான்னு அவங்க வீட்டுல பாத்துக்கிடுவாங்க அண்ணாச்சி. யாரோட வாழப்போறோம்னு தெரிஞ்சுக்க வேண்டாமா? நெல்லையப்பர் கோயில் தேர் கணக்கா வடம் கட்டி எல்லாரும் இழுக்குறீங்க, அவளைத் தவிர.

தோல் டாக்டர் | இரவு 9.50

சொல்வதும் சொல்லாததும் அவர் முடிவு. மருத்துவமாகப் பார்த்தால், எல்லா முடிவும் வரும்வரை யாரோடும் ஆணுறை இல்லாமல் உறவு கூடாது. கல்யாணத்துக்கு முன் இரண்டு பேரும் சேர்ந்தே சோதனை செய்துகொள்ளலாம், நான் என்னிடம் வருகிறவர்களிடம் சொல்வது அது. கட்டாயச் சட்டம் எதுவும் கிடையாது.

கல்லிடை அப்பளம் | இரவு 9.53

டாக்டரும் நழுவுறாரு.

திசையன்விளை துபாய் | புதன், காலை 1.15

தூங்காதவன் தம்பிக்கு என் கதை உபயோகப்படலாம். எனக்கும் இதே மாதிரி ஒரு சம்பவம், ஊருக்கு லீவுல வந்தப்ப. வளைகுடா வேலைக்கு மெடிக்கல் பாக்கயில எச்.ஐ.வி., காமாலை ரெண்டும் பாப்பாங்க. இருக்குன்னா விசா கெடையாது. அதுனால பயம் ரெண்டு மடங்கு. மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தேன், இல்லைன்னு வந்துது. நம்பல. வேற லேப். அங்கயும் இல்ல. ரத்தம் மாறிப் போயிருக்கும்னு தோணிச்சு, நாகர்கோவில் போய் எடுத்தேன். சம்பளத்துல பாதி லேப்புக்குத்தான் போச்சு. தெனமும் காலையில கண்ணாடி முன்னாடி நாக்கை நீட்டி வெள்ளை படிஞ்சிருக்கான்னு பாப்பேன். கழுத்துல நெறி கட்டியிருக்கான்னு தடவித் தடவியே நெறி வீங்கிப் போச்சு.

கடைசியா பாளையங்கோட்டையில ஒரு மனநல டாக்டருக்கிட்ட போனேன். அவரு எச்.ஐ.வி. பத்திக் கேக்கவே இல்ல. கேஸ் சிலிண்டரை மூடினியான்னு எத்தனை தரம் பாப்பேன்னு கேட்டாரு. அப்பத்தான் வெளங்கிச்சு, எனக்கு இருக்கறது திரும்பத் திரும்பச் சரிபாக்கச் சொல்ற மன வியாதின்னு. மாத்திரை குடுத்தாரு, இப்ப பரவாயில்ல. சோதிக்க வேண்டிய நாள்ல சோதிச்சிட்டு, முடிவைக் கையில வாங்கினா அதோட நிறுத்திரணும் தம்பி.

தூங்காதவன் | காலை 6.05

அண்ணே, நாக்கு பாக்கற வேலையை நான் ஏற்கனவே ஆரம்பிச்சிட்டேன். எந்தெந்த நாள்ல சோதிக்கணும்? ஒவ்வொரு எடத்துல ஒவ்வொண்ணு போட்டிருக்கு.

தோல் டாக்டர் | காலை 8.20

ஒவ்வொரு சோதனைக்கும் நாள் வேறு, அதனால்தான் குழப்பம். ஆய்வகத்தில் செய்கிற நான்காம் தலைமுறைச் சோதனை 45 நாளில் தெளிவாகச் சொல்லிவிடும். விரைவுச் சோதனைக்கு 90 நாள். நீங்கள் மாத்திரை எடுப்பதால் 6 வாரத்தில் ஒன்று, 3 மாதத்தில் ஒன்று. வி.டி.ஆர்.எல்.லையும் 3 மாதத்தில் திரும்பப் பாருங்கள். நடுவில் புண், சீழ், கொப்புளம் எதுவும் தெரிந்தால் நாள் பார்க்காமல் வாருங்கள்.

கூட்டு மருந்து | புதன், இரவு 10.30

இத்தனை நேரம் பேசாம படிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு 2009ல தெரிஞ்சுது.

எங்க தலைமுறைக்குப் புள்ளிராஜா ஞாபகம் இருக்கும். சுவரெல்லாம், பஸ்ஸெல்லாம் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ன்னு எழுதியிருந்தாங்க. ஊர்ல யாராவது மெலிஞ்சா புள்ளிராஜான்னு கூப்பிடுவாங்க, நானும் கூப்பிட்டுச் சிரிச்சிருக்கேன். அப்ப மருந்துக்கு வழியில்லாம ஆளு செத்ததை எங்க தெருவுல பாத்திருக்கேன். 2004 ஏப்ரல்லதான் அரசாங்கம் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமா குடுக்க ஆரம்பிச்சுது, அப்பவும் தாம்பரம் வரைக்கும் போகணும். எனக்கு வந்த நேரத்துல இங்கயே கெடைச்சுது. ஆனா அப்ப எதிர்ப்புச் சக்தி எண்ணிக்கை கொறஞ்சாத்தான் மருந்து, அதுவரை காத்திருன்னாங்க. 2017ல இருந்து தெரிஞ்ச அன்னைக்கே ஆரம்பிக்காங்க.

இப்ப தெனமும் ராத்திரி ஒரு மாத்திரை. தம்பி 28 நாளைக்குப் போடுற அதே மாத்திரைதான். ரத்தத்துல வைரஸ் அளவு சோதனையில தெரியாத அளவுக்குக் கொறைஞ்சு பல வருசம் ஆச்சு. அப்பிடி இருந்தா உறவுல அடுத்தவங்களுக்குத் தொத்தாது. வீட்டம்மாவுக்கு இல்ல. மக எட்டாங்கிளாஸ், அவளுக்கும் இல்ல. காலையில நாலு மணிக்கு லோடு ஆட்டோ எடுத்துட்டு நயினார்குளம் மார்க்கெட் போறேன், மத்தியானம் வீடு. முட்டுவலிதான் இப்பப் பெரிய பிரச்சினை.

தம்பி மேல கோவம் இல்ல. ஆனா ‘உசுரோட இருந்து என்னத்துக்கு’ன்னு படிச்சப்ப எனக்குச் சுருக்குன்னுது. எங்களை மாதிரி ஆளுக இதையெல்லாம் படிப்போம்ங்கது யாருக்கும் ஞாபகம் வரமாட்டேங்கு.

தூங்காதவன் | இரவு 10.48

மன்னிச்சிருங்கண்ணே. இனிமே அப்பிடி எழுதமாட்டேன்.

கூட்டு மருந்து | இரவு 10.50

மாத்திரையை விடாம போடும். பாதியில விட்டா அதுக்குத்தான் மன்னிக்க மாட்டேன்.

நாலு பேர்ல ஒருத்தன் | வெள்ளி, இரவு 11.40

இந்த இழை என் கூட்டாளி போட்டதுன்னு எனக்குத் தெரியும். அவனுக்கு நான் யாருன்னு தெரியும். அன்னைக்கு நானும் போனேன். நான் ஆணுறை போடல.

செவ்வாய்க்கெழமையில இருந்து எரிச்சல். புதன்கெழமை சீழ் மாதிரி மஞ்சளா வடிஞ்சுது. நாங்குநேரியில ஒரு மெடிக்கல்ல சொல்லி சிப்ரோபிளாக்சசின் வாங்கிப் போட்டேன். ஒரு நாள் கொறைஞ்சாப்ல இருந்துது, இன்னைக்குத் திரும்ப வடியுது. எனக்குக் கல்யாணம் ஆயிட்டு. ஞாயித்துக்கெழமை ஊருக்கு வந்ததும் வீட்டுல ஒண்ணா இருந்தோம். அவ இப்ப அஞ்சு மாசம்.

அவளுக்கும் மருந்து குடுக்கணும்னு படிச்சேன். சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுத்துரலாம்னு இருக்கேன். என்ன மாத்திரைன்னு மட்டும் டாக்டர் எழுதுனா போதும்.

கல்லிடை அப்பளம் | இரவு 11.44

என்னது? அவ வயித்துக்குள்ள என்ன போகுதுன்னு அவளுக்குத் தெரியாமயா?

தோல் டாக்டர் | சனி, காலை 12.10

எழுதமாட்டேன்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் கொனோரியாதான், கிளமிடியாவும் சேர்ந்திருக்கலாம். சிப்ரோபிளாக்சசினுக்கு அந்தக் கிருமி பல வருடமாகவே மசிவதில்லை. மருந்துக் கடைக்காரர் கொடுத்தது உங்களுக்கு வெறும் தாமதம்தான். காலையில் அரசு மருத்துவமனையில் சுகவாழ்வு மையத்துக்குப் போங்கள், பால்வினை நோய்க்கு உள்ள பிரிவு அது. அறிகுறிக்கு ஏற்ப நிறம் பிரித்த மருந்துப் பெட்டி வைத்திருப்பார்கள், உங்களுடையது சாம்பல் நிறப் பெட்டி, இலவசம். ஊசியாக செப்ட்ரியாக்சோன் போட்டாலும் ஒரே தடவைதான்.

உங்கள் மனைவிக்கு வருகிறேன். பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இதற்கு அறிகுறி இருக்காது. பிரசவத்தில் குழந்தையின் கண்ணில் தொற்றினால் பார்வை போகும் அளவுக்கு ஆகலாம். கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடாத மருந்து இதில் உண்டு, டாக்சிசைக்ளின் அதில் ஒன்று. பென்சிலின் ஒவ்வாமை இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியுமா? அவரைப் பார்க்காமல், அவர் சம்மதம் இல்லாமல் எந்த டாக்டரும் மருந்து எழுதக்கூடாது. இரண்டு பேரும் சிகிச்சை எடுத்து ஏழு நாள் ஆகும்வரை உறவு கூடாது. இல்லாவிட்டால் மாறி மாறித் தொற்றிக்கொண்டே இருக்கும்.

உங்களுக்கு 72 மணி நேரம் போய்விட்டது. ஆகவே எச்.ஐ.வி.க்கு இன்றைக்கு ஒரு சோதனை, பிறகு 6 வாரம், 3 மாதம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் மனைவிக்கு எடுத்த எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனை நல்லபடியாக இருந்திருக்கும், அது பழைய கணக்கு. புதிதாக ஒரு வாய்ப்பு ஏற்பட்டிருக்கிறது என்று அவருடைய மகப்பேறு டாக்டருக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

நாலு பேர்ல ஒருத்தன் | காலை 12.22

அவ அம்மா வீட்டுக்குப் போயிருவா டாக்டர்.

ஐகிரவுண்டு அக்கா | காலை 12.30

போனா போகட்டும். கண்ணு தெரியாத பிள்ளையோட திரும்பி வரவேண்டாம். நீங்க சொல்லப் பயந்தா ரெண்டு பேருமா மையத்துக்குப் போங்க. ஆலோசகர் முன்னால வெச்சுச் சொல்லலாம், அவங்க அதுக்குத்தான் இருக்காங்க. நான் வேலையில இருந்தப்ப எத்தனையோ புருசமாரு அந்த மேசைக்கு முன்னால உக்காந்து அழுததைப் பாத்திருக்கேன். பொண்டாட்டிமாரு அழமாட்டாங்க. ‘பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?’ன்னுதான் மொதக் கேள்வி.

டவுண் அண்ணாச்சி | காலை 5.35

அன்னைக்கு தூங்காதவன் தம்பிக்கிட்ட சொல்ல வேண்டாம்னு நான் சொன்னது வேற. இது வேற. ஏலே, போய்ச் சொல்லு.

நாலு பேர்ல ஒருத்தன் | அடுத்த புதன், இரவு 8.15

சொல்லிட்டேன். மையத்துலதான் சொன்னேன். அவ ஒண்ணும் பேசல. ரத்தம் குடுத்தா, ஊசி போட்டுக்கிட்டா, ஆட்டோ பிடிச்சு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. எனக்கு வடியறது நின்னுட்டு. அக்கா சொன்ன கேள்வியை மட்டும்தான் கேட்டா.

தூங்காதவன் | ஐப்பசி தொடக்கம், இரவு 9.00

யாராவது இன்னும் இந்தப் பக்கம் வாரீங்களான்னு தெரியல. 28 மாத்திரையும் போட்டேன். ஆறு வாரத்துல ஒண்ணுமில்ல. இன்னைக்கு மூணு மாசச் சோதனை, எச்.ஐ.வி. இல்ல, வி.டி.ஆர்.எல். இல்ல. நாக்கு பாக்கறதை நிறுத்திட்டேன். பொய் சொல்லல, கொறைச்சிருக்கேன்.

நிச்சயம் பண்ணின பொண்ணுக்கிட்ட போன வாரம் சொன்னேன். யோசிக்க நேரம் வேணும்னு சொல்லியிருக்கா. மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தது குடுத்தபடி இருக்கு.

திசையன்விளை துபாய் | இரவு 9.12

சந்தோசம் தம்பி. இனிமே வேற லேப்புக்குப் போகாதீங்க.

கல்லிடை அப்பளம் | இரவு 9.20

அவ ‘வேண்டாம்’னு சொன்னாலும் அதைத் தாங்கிக்கிடணும். அவ சொல்லட்டும்.

டவுண் அண்ணாச்சி | இரவு 9.45

எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டு. டாக்டர் இருக்காரா? ஒரு சின்ன விசயம். எனக்கு வயசு 58. தம்பி மாதிரி ஒரு தப்புத்தண்டாவும் கெடையாது, அது நெல்லையப்பருக்குத் தெரியும். ஆனா ரெண்டு மாசமா அந்த எடத்துல அரிப்பு, தோல் வெடிச்சு வெடிச்சு எரியுது. வீட்டுக்காரி ஒரு மாதிரி பாக்கா. இந்த இழையை அவ படிச்சிருப்பாளோன்னு சந்தேகம்.

தோல் டாக்டர் | இரவு 9.58

அண்ணாச்சி, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்? தாகம் எப்படி?

டவுண் அண்ணாச்சி | இரவு 10.01

நாலு தரம். தண்ணி குடிச்சுக்கிட்டேதான் இருக்கேன். வெயில் சூடுன்னு நெனைச்சேன்.

தோல் டாக்டர் | இரவு 10.04

ஐப்பசியில் என்ன வெயில்? இது பெரும்பாலும் சர்க்கரையால் வரும் பூஞ்சைத் தொற்று, பால்வினை நோய் கிடையாது. நாளைக்கே ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள்.

டவுண் அண்ணாச்சி | இரவு 10.06

வெறும் வயித்துலயா, சாப்பிட்ட பொறவா?

தோல் டாக்டர் | இரவு 10.07

இரண்டும்.